ஹெப்பாள் பெரியப்பாவின் கச்சேரிகள்

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு மைசூர் எக்ஸ்பிரஸ் சொந்த வண்டி. சாயங்காலம் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொள்ளும். திருச்சி தாண்டி கரூர், ஈரோடு வரைக்கும் காவிரியை விட்டு அதிகம் விலகாது. அப்புறம் இருட்டோடு இருட்டாகப் பெங்களூர் போய், விடிந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மறுபடியும் காவிரியைக் காட்டும். அங்கே ஆறு பாறைகளுக்கு நடுவே பிரிந்து பிரிந்து ஓடுகிறது. பாலத்தில் வண்டி தடதடக்கும்போது பெட்டியில் பாதிப் பேர் எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிடுவார்கள். ஒரு பாட்டி காசு எடுத்து ஆற்றில் போட்டுக் கும்பிட்டாள்.

1962-ல் என் பெரியப்பா இந்த வழியில்தான் முதன்முதலாக மைசூருக்குப் போனார். அப்போது மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என்று வண்டி மாறி மாறிப் போக வேண்டும். கையில் ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டும் ஒரு தகரப் பெட்டியும். திருவாவடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நாலு மா நிலத்தில் ஐந்து பிள்ளைகள் பிழைக்க முடியாது என்று தெரிந்துகொண்டு கிளம்பிய முதல் ஆள் அவர்தான். போனவர் அங்கேயே வேலை பார்த்து, ஹெப்பாளில் வீடு கட்டி, பேரன் பேத்தி பார்த்து, சென்ற ஆண்டு ஆவணியில் கண்ணை மூடினார். முதல் வருஷத் திதி விநாயக சதுர்த்தியை ஒட்டி வந்தது. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பெரியப்பா பாடியதில்லை. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கேட்டார், அவ்வளவுதான். ஆனால் அறுபது வருஷம் கேட்டார். மைசூரின் சங்கீதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராஜாக்களைச் சொல்வார்கள், வித்வான்களைச் சொல்வார்கள். பந்தலில் தரையில் உட்கார்ந்து கேட்டவர்களைச் சொல்வதில்லை. எனக்கு இது ஒரு பெரிய குறையாகவே படுகிறது.

காவிரிக்கரையில் ஆறு கீழே வரும், சங்கீதம் மேலேயும் போகும். தஞ்சை நால்வரில் ஒருவரான சின்னையா மைசூர் அரண்மனைக்குப் போய் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அங்கே வித்வானாக இருந்தார். திருநெல்வேலிச் சீமை ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆஸ்தான வித்வானாகி, சாமுண்டேஸ்வரி மேல் 108 கிருதிகள் செய்தார். எதிர்த் திசையிலும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். 1865-ல் பிறந்த மைசூர் வாசுதேவாச்சாரை அரண்மனையே உதவித்தொகை கொடுத்துத் திருவையாற்றுக்கு அனுப்பியது. அங்கே பட்ணம் சுப்ரமணிய ஐயரின் வீட்டில் குருகுலவாசம் செய்து, திரும்பி வந்து, சுமார் 200 உருப்படிகள் செய்தார். முதுமையில் மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்து கலாக்ஷேத்திராவில் ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்தார். 1961-ல் அவர் காலமான பிறகு மீதி ராமாயணத்துக்கு இசை அமைத்து முடித்தவர் அவருடைய பேரன் எஸ். ராஜாராம். தாத்தா விட்ட இடத்திலிருந்து பேரன் தொடர்ந்த கதையை எங்கே படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். எங்கள் வீட்டில் அப்படித் தொடர யாருமில்லை என்றுதான் ரயிலில் நினைத்துக்கொண்டு போனேன்.

மைசூர் ஸ்டேஷனில் இறங்கி ஹெப்பாளுக்கு ஆட்டோ பிடித்தால் யாதவகிரி வழியாகப் போகச் சொல்லுங்கள். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் அந்தப் பக்கம் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. ஆர்.கே. நாராயண் கட்டிய வெள்ளை வீடு இருக்கிறது, இப்போது அருங்காட்சியகமாக. வானொலி நிலையம் இருக்கிறது. இந்த நிலையத்தின் பூர்வகதை மைசூர்க்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி 1935-ல் தன் சொந்த வீட்டிலேயே ஒரு சின்ன ஒலிபரப்பியை வைத்து வானொலி நடத்தத் தொடங்கினார். ஆகாசவாணி என்று அவர் நடத்திய நிலையத்தின் பெயரைத்தான் 1957-ல் அகில இந்திய வானொலியே எடுத்துக்கொண்டது. ஒரு வாத்தியாரின் வீட்டுக்குள்ளிருந்து கிளம்பிய காரியம்!

அதே யாதவகிரியில்தான் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இருந்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா மோட்டார் சைக்கிளை இந்தியாவில் செய்தவர்கள். பின்னால் அதுவே எஸ்டி ஆயிற்று. அந்தக் காலத்தில் மைசூரில் பாதித் தெருக்கள் அந்த இரட்டைக் குழாய்ச் சத்தத்தில்தான் விடியுமாம். பெரியப்பாவுக்கு அங்கே மெஷின் ஷாப்பில் வேலை. லேத்தில் பேரிங் தேய ஆரம்பித்தால் ஃபோர்மேனுக்குத் தெரியுமுன் இவர் காதுக்குத் தெரிந்துவிடும் என்று பெரியம்மா சொல்வாள். 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். அறுபதுகளில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து, கையில் ஒட்டிய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, கச்சேரியின் பிற்பாதியையாவது பிடிக்க ஒண்டிக்கொப்பல் கணபதி பந்தலுக்கு இங்கிருந்துதான் சைக்கிள் மிதித்திருக்கிறார்.

ஹெப்பாள் மைசூரின் வடமேற்கு ஓரம். எண்பதுகளில் பெரியப்பா மனை வாங்கியபோது ராகி வயலும் புளியமரமும்தான் என்பார்கள். அப்புறம் தொழிற்பேட்டை வந்தது, வெளிவட்டச் சாலை வந்தது, 300 ஏக்கருக்கு மேல் பரந்த இன்ஃபோசிஸ் வளாகம் வந்தது. காலையில் சங்கராந்தி சர்க்கிளில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் டயர் கம்பெனி ஷிப்டுக்குப் போகும் பைக்குகள், மறு பக்கம் கழுத்தில் அடையாள அட்டையோடு இந்தியும் தெலுங்கும் வங்காளமும் பேசிக்கொண்டு போகும் பிள்ளைகள். ஏரி ஒன்று இருக்கிறது. கழிவுநீர் சேர்ந்து நாறிக் கிடந்த ஏரியை இன்ஃபோசிஸ் அறக்கட்டளை செலவு செய்து சீர்செய்தது. கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். நாரையும் நீர்க்காகமும் திரும்பி வந்துவிட்டன. கடைசி வருஷங்களில் பெரியப்பாவுக்கு இந்தக் கரைதான் சாயங்கால நடை. காதுக்குள் எதையும் சொருகிக்கொள்ளாமல் நடப்பார். நடக்கும்போது கேட்டால் இரண்டும் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியம்மா, "வண்டி லேட்டாப்பா? மொதல்ல குளிச்சிட்டு வா, காபி போடறேன்" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. குளித்துவிட்டு வந்து கூடத்தில் உட்காரப் போனபோதுதான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். தேக்கில் செய்த பழைய கை வைத்த நாற்காலி. இடது கையில் வார்னிஷ் அப்படியே பளபளக்கிறது. வலது கையில், உள்ளங்கை விழும் இடத்தில் மட்டும், வார்னிஷ் போய் மரம் வெளுத்து லேசாகக் குழிந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சுண்டுவிரல், மோதிரவிரல் விழும் இடங்களும் தேய்ந்திருக்கின்றன. ஆதி தாளமும் மிஸ்ர சாபும் முப்பது முப்பத்தைந்து வருஷம் விழுந்த இடம். பெரியம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாலிஷ் போட ஆள் வந்தான். இதை மட்டும் விட்டுடுன்னு சொல்லிட்டேன்."

எங்கள் கிராமத்தில் சங்கீதம் என்றால் சபா இல்லை, கோயில். டிக்கெட் வாங்கிக் கேட்கிற வழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. திருவாவடுதுறை ஆதீன வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் காலமாகிற வரைக்கும், எங்காவது சாமி புறப்பாட்டில் அவர் வாசிக்கிறார் என்றால் சுற்றுவட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு போகும். பெரியப்பா சிறுபிள்ளையாக அப்பா தோளில் உட்கார்ந்து அந்தத் தோடியைக் கேட்டவர். நாதஸ்வரத்துக்கு மைக் வேண்டாம், மேடை வேண்டாம். நாலு வீதியும் அரங்குதான். அப்படிக் கேட்டு வளர்ந்த காது மைசூருக்குப் போனதும் வேறொரு சங்கீதத்தைச் சந்தித்தது. அது வீணை.

வீணை சேஷண்ணாவிலிருந்து (1852–1926) தொடங்கும் வரிசை மைசூருடையது. வேங்கடகிரியப்பா, அவர் சீடர் துரைசாமி ஐயங்கார் என்று வருகிறது. தஞ்சாவூர் பாணியில் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்தே மெட்டுகள் மேல் நகரும். தந்தியை இழுத்து இழுத்துக் கமகம் வரும். மைசூர் பாணியில் விரல்கள் பிரிந்து விலகி நின்று, ஸ்வரத்தைத் தனித்தனியாகத் தொடும். கேட்கச் சுத்தமாக, அடக்கமாக இருக்கும். ஆரம்பத்தில் பெரியப்பாவுக்கு இது பிடிபடவில்லையாம். தோடி முழு வீதியையும் அடைக்கிற ராகம் அல்லவா, அதை ஒருவர் இப்படிச் சன்னமாக வாசிக்கிறாரே என்று இருந்ததாம். ஒரு வருஷம் விடாமல் கேட்டார். அதற்கப்புறம் துரைசாமி ஐயங்காரின் வீணை வானொலியில் வருகிற நேரத்தில் வீட்டில் தாளிக்கக்கூடக் கூடாது என்று ஆகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி தேசிய நிகழ்ச்சிக்கும் அதே சட்டம். மைசூரில் விடுமுறைக்குப் போன எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்தச் சட்டம் தெரியும்.

டி. சௌடையாவைப் பற்றி அவர் சொல்லாத நாள் இல்லை. திருமகூடலு நரசீபுரத்துக்காரர். பிடாரம் கிருஷ்ணப்பாவின் சீடர். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் வயலினின் நாலு தந்தி கூட்டத்துக்குப் போதவில்லை என்று 1927 வாக்கில் மூன்று தந்திகள் கூட்டி ஏழாக்கினார். பெரியப்பா இதை ஒரே ஒரு விதத்தில்தான் சொல்வார்: "கடைசி வரிசைல உக்காந்திருக்கிறவனுக்காக ஒரு மனுஷன் வாத்தியத்தையே மாத்திருக்கான் பாரு." அவர் எப்போதும் கடைசி வரிசை. முன் வரிசையில் இடம் இருந்தாலும் போக மாட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மா இரும்பு அலமாரியைத் திறந்து நோட்டுகளை எடுத்துப் போட்டாள். பத்தொன்பது நோட்டு. முதல் ஐந்தாறு, நூறு பக்க அளவில் நீல அட்டை போட்டவை. அப்புறம் கம்பெனி டைரிகள். கடைசி மூன்றும் பேத்தியின் பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பத்தி. தேதி, இடம், பாட்டு, வயலின், மிருதங்கம், அப்புறம் பாடிய வரிசைப்படி ராகங்கள். கிருதியின் பெயர் தெரிந்தால் எழுதுவார். தெரியாவிட்டால் ராகம் மட்டும். ராகமும் சந்தேகம் என்றால் பென்சிலில் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி. யாரையாவது கேட்டுத் தெரிந்த பிறகு அதன் மேலேயே மையால் எழுதியிருக்கிறார். முதல் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில். பத்தாவது நோட்டுக்கு வரும்போது பென்சிலே இல்லை. எந்தக் குருவும் இல்லாமல் ஒரு மெஷின் ஷாப் தொழிலாளி படித்த படிப்பு அந்தப் பென்சிலுக்கும் மைக்கும் நடுவில் தெரிகிறது.

கடைசியில் ஒரு வரி அபிப்பிராயம். நீளமாக எழுதுகிறவர் இல்லை. "தனி நன்று." "குரல் சரியில்லை, ஆனால் விடவில்லை." "மழை. பாதியில் நின்றது." "மைக் இரைச்சல்." "ஸ்வரம் அதிகம், பாட்டு குறைவு." ஒரு பக்கத்தில் வெறும் "காம்போதி" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். வேறொன்றுமில்லை. பல பக்கங்களின் ஓரத்தில் பஸ் செலவு. பைசாவில் தொடங்கி, ரூபாயாகி, ஒரு இடத்துக்குப் பிறகு "ஆட்டோ" என்று வருகிறது. முழங்கால் வலி வந்த வருஷத்தை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்த நோட்டுகளில் 1991 டிசம்பரைத் தேடிப் பார்த்தேன். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிப் பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர்கள் தாக்கப்பட்ட மாதம் அது. அந்த மாதத்துக்குப் பக்கமே இல்லை. என்ன நடந்தது என்று எதிர் வீட்டுக்காரர் சொன்னார். ஓய்வு பெற்ற கன்னடப் பள்ளி ஆசிரியர், தெருவே அவரை மேஷ்ட்ரு என்றுதான் கூப்பிடும். பெரியப்பாவின் கச்சேரிக் கூட்டாளி. அவருடைய தமிழ், பெரியப்பாவிடம் கற்றுக்கொண்ட தஞ்சாவூர்த் தமிழ். "கலாட்டா அடங்கற வரைக்கும் இவரு, உங்க பெரியம்மா, பிள்ளைங்க எல்லாரும் எங்க வீட்லதான். வாசல்ல எங்கம்மா நாற்காலி போட்டு உக்காந்துட்டா, யாரு வந்தாலும் நான் பேசிக்கறேன்னு. ராத்திரில சத்தம் வெளிய கேக்காம ரேடியோ வெச்சு ரெண்டு பேரும் கேட்டோம்." என்ன கேட்டீர்கள் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நினைவில்லையாம். பெரியப்பா எழுதி வைக்காத ஒரே நிகழ்ச்சி அதுவாகத்தான் இருக்கும்.

கேட்பதைப் பற்றி நினைக்கும்போது மைசூரில் இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். பெரியப்பா வேலை பார்த்த அதே ஐடியல் ஜாவா தொழிற்சாலையை 1961-ல் திறந்து வைத்தவர் ஜயசாமராஜேந்திர உடையார். கடைசி மகாராஜா, அப்போது மைசூர் மாநில ஆளுநர், பிறகு 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாநிலத்துக்கும் ஆளுநர். 94 கிருதிகள் செய்த வாக்கேயக்காரர் என்று கர்நாடக சங்கீத உலகம் அவரைக் கொண்டாடும். எனக்கு அவருடைய இன்னொரு முகம்தான் பெரிதாகத் தெரிகிறது. இளமையில் பியானோக் கலைஞராக வர ஆசைப்பட்டவர் அவர். லண்டனில் வயதாகி, நோய்வாய்ப்பட்டு, யாரும் கவனிக்காமல் இருந்த ருஷ்ய இசையமைப்பாளர் நிகோலாய் மெட்னரின் இசைமேல் அவருக்குத் தீராத பிரியம். உலகப் போர் முடிந்த சமயத்தில் மைசூரிலிருந்து பணம் அனுப்பி, மெட்னர் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, அந்தக் கிழவரையே வாசிக்க வைத்து இசைத்தட்டுகளாகப் பதிவு செய்ய வைத்தார். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்குக் காணிக்கையாக்கினார். 1951-ல் காலமானார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசிப் பாடல்கள் நான்கும் 1950-ல் லண்டனில் முதன்முதலாக அரங்கேறியதற்கும் இதே மகாராஜா பணப் பொறுப்பு ஏற்றார். மெட்னர் தன் கையால் வாசித்ததை இன்று உலகம் கேட்க முடிகிறதென்றால், மைசூரில் ஒரு மனிதர் உட்கார்ந்து காது கொடுத்ததுதான் காரணம்.

ராஜாவிடம் கஜானா இருந்தது. பெரியப்பாவிடம் நோட்டும் ஒரு டேப் ரிக்கார்டரும் இருந்தன. இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம் என்று நான் நினைக்கிறேன்.

அலமாரியின் கீழ்த்தட்டில் நாற்பது ஐம்பது கேசட்டுகள். பாதிக்கு மேல் வானொலியிலிருந்து பதிந்தவை. தனியாக இணைப்புக் கம்பி எல்லாம் இல்லை. ரேடியோவுக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து, அதன் சின்ன மைக்கிலேயே பதிந்திருக்கிறார். நான் போகும்போதே ஒரு பழைய பிளேயரையும் அதைக் கணினியில் மாட்டும் கம்பியையும் எடுத்துப் போயிருந்தேன். வருஷக்கணக்காக ஓடாத கேசட்டை எடுத்த எடுப்பில் போட்டுவிடக் கூடாது. சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அறுந்துவிடும். முதலில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு போட வேண்டும். நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். பூஞ்சை படிந்திருந்தால் மற்றக் கேசட்டுகளோடு சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது. தொண்ணூறு நிமிஷக் கேசட்டை மாற்றத் தொண்ணூறு நிமிஷம் ஆகும், கூடவே உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

முதலில் ஓடியது வீணை. ராகம் கல்யாணி. பதினைந்து நிமிஷம் போல ஆனதும் குக்கர் விசில் அடித்தது. பெரியம்மாவின் முப்பது வருஷத்துக்கு முந்தைய குரல் எங்கிருந்தோ, "அந்த ஸ்டவ்வை அணைடி" என்றது. உடனே மிக அருகில் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். அப்புறம் கிருதி தொடங்கியது. வீணைக்குக் கீழே, மரத்தில் உள்ளங்கை விழும் தட்டலும் விரல் எண்ணும் மெல்லிய ஒலியும் வரிசை தப்பாமல் கேட்டன. பெரியம்மா சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இந்த அலமாரி முழுக்கத் தேடினாலும் பெரியப்பா பேசிய கேசட் ஒன்றுகூட இல்லை. தன் குரலைப் பதிந்து வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த "ஸ்ஸ்"ஸும் தாளமும்தான் இருக்கின்றன. கச்சேரி முடிந்ததும் பெரியம்மா, "தாளம் மட்டும் தனியா எடுத்துத் தர முடியுமாடா தம்பி?" என்று கேட்டாள். முடியாது, அது வீணையோடு கலந்துவிட்டது என்றேன். "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

திதி முடிந்த மறுநாள் சாயங்காலம் மேஷ்ட்ரு என்னை ஒண்டிக்கொப்பலுக்குக் கூட்டிப் போனார். அங்கே வாணி விலாஸ் மொஹல்லா எட்டாவது கிராஸ் கணபதி உற்சவம், அறுபதுகளிலிருந்து நடந்து வருகிறது. வெறும் தெரு. நடுவே பந்தல் போட்டு மேடை. சதுர்த்தியிலிருந்து வரிசையாகக் கச்சேரிகள், தென்னாட்டின் முன்னணி வித்வான்கள் எல்லாரும் வாசித்த இடம். டிக்கெட் கிடையாது. யாரும் வரலாம், எங்கும் உட்காரலாம். சென்னை மார்கழியில் எனக்குக் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. காய்கறிப் பையோடு வந்த அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆலாபனை முழுக்கக் கேட்டார். இன்ஃபோசிஸ் அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு இரண்டு பையன்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் லத்தியின் மேல் விரலால் தாளம் போட்டார், அதுவும் சரியாக. மேடையில் இளம் பாடகி ஒருவர். வாசுதேவாச்சாரின் புகழ்பெற்ற கமாஸ் கிருதியை எடுத்தார். 1980-ல் வந்த 'சங்கராபரணம்' படத்தால் சங்கீதம் தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோன கிருதி. பந்தலில் பாதிப் பேர் கூடவே முணுமுணுத்தார்கள். சொந்த ஊர்க்காரரின் பாட்டு என்கிற உரிமை அதில் இருந்தது. திருவையாற்றில் ஒரு திண்ணையில் கற்ற வித்தை இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியபோது உடம்பு சிலிர்த்தது.

நாங்கள் உட்கார்ந்தது கடைசி வரிசையில். பாட்டு முடிந்ததும் மேஷ்ட்ரு தோள்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பேத்தியின் பள்ளிக்கூட நோட்டு, அட்டையைப் பார்த்ததுமே தெரிந்தது. நான் பெரியம்மாவிடம் பார்த்தது பத்தொன்பது. இது இருபதாவது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் பெரியப்பா இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முதல் சில பக்கங்கள் பெரியப்பாவின் தமிழ் எழுத்து, கோடு நடுங்குகிறது. கடைசிப் பதிவில் அபிப்பிராய வரி காலியாக இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து கன்னடம். அதே வரிசை. தேதி, இடம், பாட்டு, வயலின், மிருதங்கம், ராகங்கள். இந்த ஒரு வருஷத்துக் கச்சேரிகள் எல்லாம் அதில் இருந்தன. "எனக்கு ராகம் அவ்வளவா தெரியாது. தெரியாததைப் பென்சில்ல எழுதிடறேன். அவரு இருந்தா கேக்கலாம்" என்றார். கமாஸை மையால்தான் எழுதினார்.

இருபது நோட்டுகளையும் படம் பிடித்து முடித்துவிட்டேன். கேசட்டுகளில் பாதியைக் கணினிக்கு மாற்றியாயிற்று. மீதிக்கு அடுத்த சதுர்த்திக்குப் போகிறேன். ஐம்பது அறுபது வருஷம் ஒரு ஊரில் யார் பாடினார்கள், யார் பக்கத்தில் வாசித்தார்கள், எந்த ராகம் எப்போது அதிகம் புழங்கியது, எது காணாமல் போனது என்பதெல்லாம் இந்த நோட்டுகளில் இருக்கிறது. எந்த சபாவின் அழைப்பிதழிலும் இவ்வளவு கிடையாது. அழைப்பிதழ் யார் பாடப்போகிறார்கள் என்று மட்டும்தான் சொல்லும். என்ன பாடினார்கள் என்பது கேட்டவரிடம்தான் இருக்கும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் பரணில் ஒரு கேசட் பெட்டியோ, தாத்தாவின் டைரியோ, மாமாவின் நோட்டோ இருக்கக்கூடும். பழைய பேப்பர்க்காரருக்குப் போடுமுன் ஒரு தரம் திறந்து பாருங்கள். கேசட்டின் மேல் யார் வாசித்தது, எந்த வருஷம் என்று ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். எழுதியவரோ பதிந்தவரோ இன்னும் இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பேசுவதைப் போனிலாவது பதிந்து வையுங்கள், அவருக்குத் தானாகத் தோன்றாது.